இலுப்பைப்புலத்தின் முதற்சுடர் உரிமை

உலகத்தில் பள்ளிக்கூடங்கள் ஏராளம். வரலாறு உள்ள பள்ளிக்கூடங்கள் சில. வரலாறும் அந்த வரலாற்றுக்கு ஓர் உரிமையாளரும் உள்ள பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். அது யாழ்ப்பாணத்து வடமராட்சியில், உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து இரண்டு மைல் தள்ளி, இலுப்பைப்புலம் என்ற எங்கள் ஊரில் இருக்கிறது. உரிமையாளர் நான்.

'அரசாங்கப் பாடசாலைக்கு உரிமையாளர் ஏது?' என்று விவரம் அறியாதவர்கள் கேட்பார்கள். 1960ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது உண்மைதான். அது பற்றி எங்கள் குடும்பத்துக்குக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்துக்கு நாங்கள் இன்னும் பதில் போடவில்லை. விடயம் பரிசீலனையில் இருக்கிறது.

என் பெயர் பரநிருபசிங்கம். காணிப் பதிவகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து பிரதம இலிகிதராக ஓய்வுபெற்றவன். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவன். பள்ளிக்கூடத்தை 1901ஆம் ஆண்டு ஓலைக் கொட்டிலாகத் தொடங்கியவர் அந்நாளில் ஊர்த் தலைமை அதிகாரியாக இருந்த என் பாட்டனார் கதிரித்தம்பி விதானையார். பழைய மாணவர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் தலைவர். நான் அங்கே படித்தவனா என்று கேட்கக் கூடாது. நானும் என் பிள்ளைகளும் பட்டணத்துக் கல்லூரியில்தான் படித்தோம். ஊருக்கென்று கட்டிய பள்ளிக்கூடத்தில் கட்டிய குடும்பமே போய் இடத்தைப் பிடிப்பது அழகல்ல. எங்களைப் பார்த்து எங்கள் உறவினர்களும் அந்தத் தியாகத்தைச் செய்தார்கள். இன்று அங்கே அறுபத்து மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒன்றும் இல்லை. பாரம்பரியம் எங்கள் பக்கம், பிள்ளைகள் மற்றப் பக்கம். இப்படி வேலையைப் பகிர்ந்துகொண்ட ஊர் வேறெங்கும் இல்லை.

மற்றப் பக்கம் என்றால் எது என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். அதற்குப் பள்ளிக்கூடத்தின் கல்விமுறையை விளக்கவேண்டும்.

1901இலேயே எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று கொட்டிலுக்குள் நடந்த உட்பிரிவு. மற்றது இலுப்பை மரத்தின் கீழ் நடந்த 'திறந்தவெளிப் பிரிவு'. இன்றைக்கு வெளிநாடுகளில் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிச்சென்று படிப்பிப்பதைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறார்கள். என் பாட்டனார் அதை நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார். திறந்தவெளிப் பிரிவுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய நுழைவுப் பரீட்சை எதுவும் வைக்கப்படவில்லை. தகப்பன் யார் என்று கேட்டாலே போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் மண்ணில் இருந்து, யன்னல் வழியாக வாத்தியாரின் குரலைக் கேட்டுப் படித்தார்கள். இக்காலத்தில் இதற்குத் 'தொலைக்கல்வி' என்று பெயர்.

பள்ளிக்கூடத்தின் மரபுகள் பல. எல்லா விழாக்களும் சரியாக ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கும். திறப்பு விழாவுக்கு விதானையாரின் மாட்டு வண்டில் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. அந்தத் தாமதத்தை நாங்கள் இன்றுவரை நிமிடமும் பிசகாமல் காப்பாற்றி வருகிறோம். இரண்டாவது மரபு, சம்பவத் திரட்டுப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் அன்றன்று நடந்ததைத் தலைமையாசிரியர் எழுதி, எப்போதும் தம் கையோடு வைத்திருந்த பெரிய தடித்த ஏடு அது. ஓர் அதிபர் மாற்றலாகிப் போகும்போது அடுத்த அதிபரிடம் அதை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குவார். இப்போதைய அதிபருக்கு முன் பதினான்கு பேர் கையொப்பம் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் திறந்து வாசித்ததில்லை. ஒப்படைப்பதுதான் மரபு.

எல்லாவற்றிலும் தலையாயது 'முதற்சுடர்'.

1930ஆம் ஆண்டு எங்கள் ஓலைக் கொட்டில் தீப்பற்றி எரிந்தது. சதிகாரர் வேலை. என் பாட்டனார், அப்போது அறுபது வயது, தன்னந்தனியாக நின்று பள்ளிக்கூட மணியையும், சுவர் மணிக்கூட்டையும், தலைமையாசிரியரின் நாற்காலியையும், சரஸ்வதி படத்தையும் தீயிலிருந்து மீட்டார். உடம்பில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை. படத்தின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தெய்வச் செயல் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த மணிக்கூடு இப்போதும் எங்கள் விறாந்தையில் பத்திரமாக ஓடுகிறது. அதைத் திருப்பித் தரும்படி பள்ளிக்கூடம் இதுவரை எழுத்தில் கேட்கவில்லை.

அடுத்த வருடமே விதானையார் கல்லுக் கட்டடம் எழுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நிறுவுநர் தினத்தில் எங்கள் குடும்பத்து மூத்த ஆண் ஒருவர் குத்துவிளக்கில் பந்தத்தைக் கொளுத்தி, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பெரிய சுடர்த் தூணை ஏற்றுவார். விதானையாருக்குப் பிறகு என் தகப்பனார். அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி மகன் கோகுலன், விடுமுறை கிடைத்தால்.

இந்த மரபுக்குத்தான் இந்த வருடம், நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழாவில், ஆபத்து வந்தது.

விழாக் குழுக் கூட்டம் எங்கள் 'ஸ்மார்ட் வகுப்பறை'யில் நடந்தது. பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை அனுப்பிய பெரிய திரை அங்கே இருக்கிறது. பழுதாகிவிடும் என்பதால் பொலித்தீனால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம். அதனால் ரொறன்ரோவிலிருந்து சூமில் வந்த கோகுலனை அதிபரின் கைத்தொலைபேசியில், ஒரு தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துத்தான் பார்த்தோம்.

"பெரியப்பா, உங்கடை முகம் தெரியேல்லை. முகடுதான் தெரியுது," என்றான்.

"முகட்டைப் பார். உன்ரை பூட்டன் கட்டினது," என்றேன்.

அதிபர் திருமதி தயாளினி நல்ல பிள்ளை. ஆனால் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மரபு ஊறக் காலம் எடுக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, இந்த முறை சுடரை நிவேதனா ஏத்தட்டும் எண்டு ஆசிரியர்மார் நினைக்கினம்," என்றார்.

"ஆர் நிவேதனா?"

"எங்கடை மாணவர் தலைவி. சாதாரண தரப் பரீட்சையிலை ஒன்பது பாடத்துக்கும் ஏ. நூற்றிருபத்தைஞ்சு வருசத்திலை இதுதான் முதல் தரம் ஐயா. இளையதம்பி அண்ணையின்ரை பேத்தி."

இளையதம்பி குழுவில் பெற்றோர் பிரதிநிதி. எழுபது வயது. மேசையின் கடைசியில் இருந்தார். அவருடைய மகனுக்கு நெல்லியடியில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை இருக்கிறது. இளையதம்பியின் தகப்பன் ஏரம்புவை எனக்குச் சிறு வயதில் தெரியும். எங்கள் வளவுக்கு வேலி அடைக்க வருவான். வலக்கையில் இரண்டு விரல் நிமிராது. சின்ன வயதில் நெருப்போடு விளையாடி விரலைக் கெடுத்துக்கொண்டவன் என்று வீட்டில் சொல்வார்கள். ஏரம்பு எங்கள் பள்ளிக்கூடத்துத் திறந்தவெளிப் பிரிவின் பழைய மாணவன்.

நான் நிதானமாகச் சொன்னேன். "பிள்ளை, ஒன்பது ஏ எடுக்கிறதுக்கு ஒருத்திக்குப் பத்து வருசம் காணும். முதற்சுடர் ஏத்துறதுக்கு நூற்றிருபத்தைஞ்சு வருசம் வேணும்."

"பெரியப்பா சொல்லுறது சரி," என்றது செம்பில் சாய்ந்திருந்த தொலைபேசி. "பிராண்ட் எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

அப்போதுதான் யாகப்பு மாஸ்ரர் வாயைத் திறந்தார். அவர் வரலாற்று ஆசிரியர், குழுவின் செயலாளர், விழா மலரின் ஆசிரியர். மலர் நூற்றிருபது பக்கம். ஆசிச் செய்திகள் நூற்றெட்டுப் பக்கம். மீதி பன்னிரண்டு பக்கத்தில் வரலாறு.

"ஐயா, சுடர் ஏத்துற உரிமை உங்கடை குடும்பத்துக்குத்தான் எண்டதுக்கு எழுத்திலை ஏதும் இருக்கோ? மலருக்குத்தான் கேக்கிறன்."

முப்பத்தாறு வருடம் காணிப் பதிவகத்தில் இருந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஆனால் நான் கோபிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கோபிப்பதில்லை. தீர்மானம் நிறைவேற்றுவோம்.

"மாஸ்ரர், பேனையை எடும். சொல்லுறன், எழுதும்," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்தத் தீர்மானத்தை இங்கே அப்படியே தருகிறேன். ஏனென்றால், ஓட்டை இல்லாத ஆவணம் ஒன்றை எப்படி எழுதுவது என்று இளைய தலைமுறை அறிந்துகொள்ளவேண்டும். 'ஒன்று: 1930ஆம் ஆண்டுத் தீ பற்றிச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உள்ள பக்கங்கள், விழா மேடையில், சபையோர் முன்னிலையில், சுடர் ஏற்றுவதற்குச் சற்று முன்னர் வாசிக்கப்படும். இரண்டு: ஓர் எழுத்தும் கூட்டாமலும் குறைக்காமலும் வாசிக்கப்படும். மூன்று: அப்பக்கங்களின்படி அத்தீயோடு எவருடைய பெயர் முதன்மையாகச் சம்பந்தப்பட்டிருக்கிறதோ, அவருடைய வழித்தோன்றலே இன்றும் இனி என்றென்றும் சுடரை ஏற்றுவார்.'

நான் மூன்றாம் பிரிவின் முற்றுப்புள்ளியைச் சொல்லி முடிக்குமுன் இளையதம்பி எழுந்துவிட்டார்.

"நான் ஆமோதிக்கிறன்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிவேதனா அவருடைய சொந்தப் பேத்தி. அந்தப் பிள்ளையின் வாய்ப்பையே விட்டுக்கொடுத்து மரபின் பக்கம் நிற்கிறாரே! பழைய ஆட்களிடம் இருக்கும் மரியாதையே தனி.

"ஐயா, நாலாவதா ஒண்டையும் சேருங்கோ," என்றார் இளையதம்பி. "இந்த வருசம் மட்டும் வாசிச்சால் காணாது. வருசா வருசம் வாசிக்கவேணும்."

"பாத்தீரோ மாஸ்ரர்? உதுதான் விசுவாசம். எழுதும்."

"வேறை ஒரு விசயம் ஐயா. விழாவுக்குப் பிள்ளையள் இருக்க நான் ஆறு நீட்டு மர வாங்கு செய்து தாறன். பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பு."

"வாங்குகளோ? கதிரையள் இருக்கே. அதென்ன ஆறு?"

"ஆறுதான் குறையுது ஐயா."

என்ன குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்பளிப்பை விசாரிப்பது எங்கள் குடும்ப வழக்கம் அல்ல என்பதால் விட்டுவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதிபர் தயாளினி மட்டும் கையை உயர்த்த ஒரு கணம் பிந்தினார். சின்னப் பிள்ளை, கை வலி என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் துணியால் சுற்றிய ஏடு. விறாந்தையில் மணிக்கூட்டுக்குக் கீழே உள்ள கதிரையில் இருந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஐயா, நான் வாசிச்சிட்டன்," என்றார்.

நான் திடுக்கிட்டேன். "பதினாலு அதிபர்மார் வாசிக்காமல் கையொப்பம் வைச்சுக் காப்பாத்தின மரபு. பதினைஞ்சாவது ஆள் நீர் உடைச்சுப் போட்டீரே, பிள்ளை!"

"ஐயா, நீங்களும் ஒருக்காத் தனிய வாசிச்சுப் பாருங்கோ. நாலைஞ்சு பக்கம்தான். வாசிச்சுப்போட்டு முடிவெடுங்கோ."

"நான் முன்கூட்டி வாசிச்சால் என்ன சொல்லுவினம்? விதானையாரின்ரை பேரப்பிள்ளை ஏட்டைத் திருத்திப்போட்டார் எண்டு சொல்லுவினம்."

"திருத்த ஏலாது ஐயா. வடிவான கையெழுத்து. கறையான்கூட அந்தப் பக்கங்களைத் தொடேல்லை."

"பாத்தீரோ! கறையானுக்கே மரியாதை தெரியுது."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாக, நோயாளியிடம் கதைப்பதுபோலச் சொன்னார். "ஐயா, ஒரு வழி இருக்கு. தீர்மானத்தைத் திரும்ப எடுப்பம். கூட்ட அறிக்கையை நான் மாத்துறன். சுடரை நிவேதனா ஏத்தட்டும். நீங்கள் மேடையிலை நடுக் கதிரையிலை இருங்கோ. முதல் மாலை உங்களுக்கு. ஏட்டை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். இளையதம்பி அண்ணையோடை நான் கதைக்கிறன். உங்கடை குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது."

நான் எழுந்து நின்றேன். எழுபத்தெட்டு வயதிலும் என் முதுகு வளையாது. அது எங்கள் பரம்பரை முதுகு.

"என்ரை பாட்டனாரின்ரை பேரை மறைக்கச் சொல்லுறீரோ? அந்தப் பக்கங்களை நாலு ஒலிபெருக்கியிலை வாசிப்பிப்பன். கோயிலடி வரைக்கும் கேக்கவேணும். கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் நேரடியா ஒளிபரப்பவேணும். எங்கடை குடும்பம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தது எண்டு உலகம் அறியவேணும்."

"அறியும் ஐயா," என்று சொல்லிவிட்டு அதிபர் ஏட்டை எடுத்துக்கொண்டு போனார். படலையைத் திறக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் உறுதியைக் கண்டு வியந்திருக்கவேண்டும்.

விழா, மரபுப்படி, ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. வாசலில் வாழை, வளைவில் விதானையாரின் பெரிய படம், பிள்ளைகளின் வாத்தியக் குழு, பிரதம விருந்தினராக வலயக் கல்விப் பணிப்பாளர். முன்வரிசையில் இளையதம்பியின் ஆறு வாங்குகள். புது வேப்பம் பலகை, வழுவழுவென்று இழைத்திருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அவற்றில் இருத்தியிருந்தார்கள். கால் நிலத்தில் முட்டாத பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒழுங்கீனம்தான். விழா நாள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூட வளவுக்குள் நான் கண்டு பல வருடம் ஆகிறது. வழி விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

யாகப்பு மாஸ்ரர் தொலைபேசியை ஒரு தடியில் பொருத்தி மேடையைப் படம் பிடித்தார். கோகுலன் அதற்குள் இருந்தான். "பெரியப்பா, லைவிலை ஆயிரத்து நானூறு பேர் நிக்கினம்!" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான்.

நான் குத்துவிளக்கில் பந்தத்தைக் கொளுத்தி உயர்த்திப் பிடித்தேன். வெள்ளை வேட்டி, சால்வை, கையில் சுடர். படத்துக்கு அழகாக இருந்திருக்கும். நிவேதனா ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றாள். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், நெஞ்சில் மாணவர் தலைவி வில்லை. சுடர் ஏற்ற முடியாவிட்டாலும் வாசிக்கும் பாக்கியமாவது கிடைக்கட்டும் என்று நான்தான் பெருந்தன்மையாக விட்டிருந்தேன். அவள் ஏட்டை விரித்தாள். குரல் தெளிவானது. நாலு ஒலிபெருக்கியும் நன்றாக வேலை செய்தன.

"தலைமையாசிரியர் சங்கரப்பிள்ளை அவர்களின் குறிப்பு. 1930, திங்கட்கிழமை. இன்று அரசாங்க வித்தியாபகுதியிலிருந்து ஆறு வாங்குகள் வண்டிலில் வந்தன. எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருத்தப்படவேண்டும் என்ற கட்டளையும் வந்தது."

ஆறு என்றதும் நான் முன்வரிசையைப் பார்த்தேன். தற்செயல் என்று நினைத்தேன்.

"செவ்வாய்க்கிழமை. மரத்தடியில் இருந்த பதினொரு பிள்ளைகளும் முதன்முதலாக உள்ளே வந்து வாங்கில் இருந்தனர். ஏரம்பு என்ற ஆறு வயதுப் பிள்ளைக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. பாடம் முடியும்வரை காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் கண்டிக்கவில்லை."

சபையில் ஒரு சலசலப்பு. இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"அன்று பின்னேரம். பாடசாலை மனேச்சர் கதிரித்தம்பி விதானையார் வந்து வாங்குகளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மணியையும், மணிக்கூட்டையும், என் நாற்காலியையும், சரஸ்வதி படத்தையும் தமது வண்டிலில் ஏற்றினார். ஏன் என்று கேட்டேன். 'பத்திரத்துக்கு' என்றார்."

இங்கே ஒரு வரலாற்று உண்மையை நான் சுட்டிக்காட்டவேண்டும். தீயிலிருந்து பொருட்களை மீட்பவர்கள் உலகெங்கும் உண்டு. தீ வருவதற்கு முதல்நாளே மீட்டவர் என் பாட்டனார் ஒருவர்தான். கண்ணாடியில் கீறல் இல்லாத காரணம் இப்போதுதான் எனக்கும் விளங்கியது. அதைத் தீர்க்கதரிசனம் என்று நான் சொல்வேன். சபையில் வேறு சொல் ஒன்று அடிபட்டது.

நிவேதனா பக்கத்தைப் புரட்டினாள்.

"புதன்கிழமை, காலை எட்டரை மணி. மனேச்சர் பந்தத்தோடு வந்தார். அவருடைய ஆட்கள் நால்வரும் பந்தங்களோடு வந்தனர். அவர்களை அவர் தடுத்து, 'முதல் உரிமை எனக்கு' என்று கூறி, கூரைக்குத் தாமே முதலில் நெருப்பு வைத்தார். ஆறு வாங்குகளும் உள்ளே இருந்தன. ஏரம்பு என்ற பிள்ளை தான் இருந்த வாங்கை இழுத்து வெளியே எடுக்க ஓடினான். நான் பிடித்து இழுக்குமுன் அவனுடைய வலக்கை வெந்துபோயிற்று. வாங்கு வரவில்லை."

அவள் நிறுத்தினாள். அழவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். தீர்மானத்தின் இரண்டாம் பிரிவுப்படி ஓர் எழுத்தும் குறைக்கக் கூடாது அல்லவா?

யாகப்பு மாஸ்ரரின் தடியிலிருந்து கோகுலனின் குரல் அலறியது. "மாஸ்ரர், லைவை நிப்பாட்டுங்கோ! லைவை நிப்பாட்டுங்கோ!"

"கேக்கேல்லைத் தம்பி. நீர் மியூட்டிலை நிக்கிறீர்," என்றார் மாஸ்ரர்.

"வியாழக்கிழமை," என்று நிவேதனா தொடர்ந்தாள். "இன்று பாடசாலை கூடவில்லை. கூடுவதற்குப் பாடசாலை இல்லை. திங்கட்கிழமை. இன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இலுப்பை மரத்தின் கீழ் மண்ணில் இருந்து படிக்கின்றனர். வேற்றுமை இல்லை. வாங்கும் இல்லை."

ஏட்டை மூடினாள்.

இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று அறிவிலிகளுக்குத் தடுமாற்றம் வரலாம். எனக்கு வரவில்லை. அரசாங்கம் கட்டளை போட்டும் நடைமுறைப்படுத்த முடியாத சம ஆசனத்தை, ஒரே காலையில், ஒரே பந்தத்தால் நடைமுறைப்படுத்தியவர் என் பாட்டனார். அடுத்த கட்டடம் எழும்பும்வரை இலுப்பைப்புலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மண்ணில் இருந்தார்கள். இப்படி ஒரு சீர்திருத்தவாதியை இந்த நாடு இன்னும் கௌரவிக்கவில்லை. இதை மேடையிலேயே சொல்ல எண்ணி வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. பந்தத்தின் புகையாக இருக்கவேண்டும்.

பணிப்பாளர் தமது சப்பாத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு ஆட்களில் சிலருக்குத் திடீரென்று வீட்டில் வேலை ஞாபகம் வந்தது. என் கையில் எண்ணெய் வழிந்தது. சூடு தெரிந்தது.

"ஐயா," என்றார் அதிபர் தாழ்ந்த குரலில், "பந்தத்தை என்னட்டைத் தாங்கோ. நீங்கள் இருங்கோ. இதோடை விடுவம்."

அதிபர் இரண்டாவது தடவையாக எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் மற்றவர் திறந்த கதவால் போவதில்லை.

இளையதம்பி எழுந்து மேடைக்குக் கிட்ட வந்தார். கோபம் இல்லை. கூட்டத்தில் தீர்மானத்தை ஆமோதித்தபோது இருந்த அதே பணிவு.

"இல்லை ரீச்சர். மூண்டாம் பிரிவு இருக்கு. ஏட்டிலை பேர் இருக்கு. ஐயாதான் வைக்கவேணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைக்கிற உரிமை உங்கடை குடும்பத்துக்குத்தான் ஐயா. எங்கடை அப்பு ஏரம்புவும் சாகும்வரை அதைத்தான் சொன்னவர். எழுத்திலை இல்லை எண்டு ஒருத்தரும் நம்பேல்லை."

"உமக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அப்புவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதானே ஐயா நான் நடை பழகினனான்."

நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நிவேதனாவும் பார்த்தாள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை அல்லவா, பரீட்சையில் அடுத்த கேள்வியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஒன்றை மட்டும் இதை வாசிப்பவர்கள் மறக்கக் கூடாது. நிறுவிய ஆண்டு பற்றி ஐயம் இருக்கலாம். மாட்டு வண்டில் பிந்தியதா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் நூற்றிருபத்தைந்து வருடத்தில், நாள், நேரம், கையெழுத்து எல்லாவற்றோடும் எழுத்தில் நிரூபிக்கப்பட்ட மரபு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் குடும்பத்தின் முதலுரிமை. இனி அதை எந்த அதிபரும் எந்த அரசாங்கமும் பறிக்க முடியாது. வருடா வருடம் வாசிக்கவும் தீர்மானம் இருக்கிறது. நானே எழுதிய தீர்மானம். அதில் ஓட்டை இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

எனவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, மரபுப்படி, பந்தத்தைத் தலைக்கு மேலே உயர்த்தி, சுடர்த் தூணை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று என் கண்கள் நிறைந்தன.

பிள்ளைகள் குனிந்து, ஆறு வாங்குகளையும் தூக்கிக்கொண்டு, தூரத்துக்கு ஓடினார்கள்.